ஊர் உணவும் ஊர்ச் சங்கமும்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளன்று கோரிப்பாளையத்தைக் கண்டவர்களுக்குத் தமிழ் ஜனங்களின் ஈகைக் குணத்துக்கு வேறு சான்று காட்ட வேண்டியதில்லை. தல்லாகுளத்திலிருந்து ஆற்றங்கரை வரையில் வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒருவர் பானகம் கரைத்துக் கொடுக்கிறார். மற்றொருவர் நீர்மோர் வார்க்கிறார். வேறொருவர் அண்டா அண்டாவாகப் புளியோதரையும் தயிர்ச் சாதமும் கொண்டுவந்து இறக்குகிறார். வந்தவன் எந்த ஊரான், எந்த ஜாதியான் என்று எவரும் விசாரிப்பதில்லை. ரம்ஜான் மாதம் பிறந்தால் அதே கோரிப்பாளையத்தில் பெரிய அடுப்புகளில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. தூக்குச் சட்டியுடன் வந்து நிற்கும் குழந்தை எந்த வீட்டுக் குழந்தை என்று பாராமல் ஊற்றி அனுப்புகிறார்கள். அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வந்து காத்துக் கிடக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போகும் அன்பர்களும் இவ்வூரில் உண்டு.

இவ்வளவு தர்ம சிந்தை குடிகொண்ட ஓர் ஊரில் நாம் எழுப்பும் கேள்வி சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆயினும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பந்தலில் வார்க்கும் மோருக்குப் பால் எங்கிருந்து வந்தது? கஞ்சிக்கு அரிசி எந்த ஊரில் விளைந்தது? அதை விளைவித்தவனுக்கு அடுத்த வருஷமும் விதைக்கும் சக்தி இருக்கிறதா? அவனுடைய கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா? கொடுக்கும் கைகள் எத்தனை இருந்தாலும், கொடுப்பதற்கு வேண்டிய தானியத்தை உண்டாக்கும் கைகள் ஓய்ந்துவிட்டால் ஈகை எதைக் கொண்டு நடக்கும்?

பொதுஜன சேவைக்கென்று ஏற்பட்ட ஒரு சங்கம், லாபத்தை நாடாத ஒரு தர்ம ஸ்தாபனம், ஓர் ஊரின் உணவு ஏற்பாட்டைப் பலப்படுத்த என்ன செய்யக்கூடும் என்பதே இக் கட்டுரையின் விஷயம். இதற்கு விடை காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரை ஜில்லாவே ஒரு பாடசாலையாக இருக்கிறது.

பஞ்சம் கற்பித்த பாடம்

1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் முன்னோர்கள் கதை கதையாகச் சொல்லிவந்தார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தில் குஞ்சரத்தம்மாள் என்ற மாதரசி தன் நகைகளையும் சொத்துக்களையும் விற்று, மதுரையில் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி வார்த்தாள் என்று இந்நகரத்தில் சொல்லப்பட்டு வருகிறது. அப்படிப்பட்ட உத்தமியை நினைத்துக் கைகூப்பாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கதையிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. சொத்து இருந்த வரையில் கஞ்சி இருந்தது; சொத்துக்கு ஒரு முடிவு உண்டு; பசிக்கோ முடிவில்லை.

பஞ்சத்துக்குப் பின் மதுரைச் சமவெளியில் வாழ்க்கையை மாற்றியது நீர். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, வைகைப் பள்ளத்தாக்கிற்குத் திருப்பிவிட்ட அணை 1895ஆம் ஆண்டில் முடிந்தது. பேரணையிலிருந்து புறப்பட்ட கால்வாய் மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலங்களை வயல்களாக்கிற்று. ஒரு வேளைக் கஞ்சி ஒருவனை ஒரு நாள் காப்பாற்றுகிறது. ஒரு கால்வாய் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் எல்லாத் தர்மமும் கஞ்சியோடு நின்றுவிடுவது ஊருக்கு நல்லதன்று.

நிலத்தைக் கொடுத்தால் மட்டும் போதுமா? அந்தப் பரீட்சையும் இந்தப் பக்கத்திலேயே நடந்தது. ஆசார்ய வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்தில் தானமாகக் கிடைத்த நிலங்களில் பல, கல்லும் கரம்பையுமாகக் கிடந்தன. பட்டா கிடைத்த ஏழையிடம் ஏர் இல்லை, மாடு இல்லை, கிணறு இல்லை, விதை வாங்கப் பணமும் இல்லை. இந்தக் குறையை நீக்குவதற்காக 1969ஆம் ஆண்டில், அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் சர்வோதய ஊழியர்கள் தொடங்கிய பண்ணை வேலையே 'அசேபா' என்று வழங்கும் சர்வ சேவா பண்ணைகள் சங்கமாக வளர்ந்தது. இத்தாலி தேசத்துப் பேராசிரியர் ஜியோவானி எர்மிக்லியா அதற்குத் துணை நின்றார். தானம் கொடுத்த நிலம் சோறாக மாறுவதற்கு நடுவில் எத்தனை படிகள் உண்டு என்பதை அந்த அனுபவம் தெளிவாக்கிற்று. நீர், விதை, கடன், கருவி, சந்தை என்ற அந்தப் படிகளில் எது உடைந்து கிடக்கிறதோ அதைச் சீர்ப்படுத்துவதே சங்கத்தின் வேலை.

கண்மாயைக் காத்தவர் யார்?

முதற்படியாகிய நீரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாயில் விழும். அது நிறைந்தால் அதற்கடுத்ததில் விழும். சங்கிலியைப்போல் கோர்க்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், மேலே ஒருவன் வரத்துக் கால்வாயை ஆக்கிரமித்தால் கீழே நான்கு ஊர்களின் வயல் காய்ந்துபோகும். கரை, மடை, கலுங்கு, வாய்க்கால் ஆகிய யாவும் வருஷந்தோறும் பார்வையிடப்பட்டுப் பழுது நீக்கப்பட வேண்டியவை. மடையைத் திறந்து மூடி, கடைமடை வயலுக்கும் முறை தவறாமல் தண்ணீர் பாய்ச்சுவதற்கென்று ஒருவரை ஊரார் நியமித்து, அறுவடைக் காலத்தில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். ஊர்கூடிச் செய்த இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர்.

அன்னிய ஆட்சியில் கண்மாயின் வருமானம் சர்க்காருக்குப் போயிற்று. பொறுப்பு மட்டும் ஊரின் தலையில் நின்றது. வழக்கமாக நடந்துவந்த வேலை தளர்ந்தபோது, 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். அன்பினால் நடந்ததைச் சட்டத்தினால் நடத்த முடியவில்லை. நாடு விடுதலை பெற்ற பின், 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் பொதுப்பணி இலாகாவிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்துவந்தன. கிணறும் மின்சாரப் பம்பும் வந்தன. சொந்தக் கிணறு உள்ளவனுக்குக் கண்மாயில் அக்கறை குறைந்தது. சீமைக் கருவேல மரம் உள்வாயை மூடிற்று. கிணற்றுக்குள் ஊறும் தண்ணீரும் அந்தக் கண்மாய் கொடுத்ததே என்பதை ஜனங்கள் உணர்ந்தபோது கிணறுகளும் வற்றத் தொடங்கிவிட்டன.

இந்த நிலையில்தான் மதுரையிலிருந்து ஒரு முயற்சி பிறந்தது. 1990களின் தொடக்கத்தில், கிராமத்து ஆயக்கட்டு விவசாயிகளைக் கண்மாய்வாரியாகச் சங்கமாகச் சேர்க்கும் வேலையைச் சில இளைஞர்கள் தொடங்கினார்கள். அச் சங்கங்களுக்கு 'வயலகம்' என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் ஏழைப் பெண்கள் வாரந்தோறும் சிறு தொகை சேமித்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் 'களஞ்சியம்' குழுக்களும் எழுந்தன. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, இவ்வேலைகளை நடத்த 'தானம் அறக்கட்டளை' என்ற ஸ்தாபனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. விவசாயப் படிப்பும் ஆமதாபாத் நிர்வாகக் கல்லூரிப் படிப்பும் பெற்ற திரு. எம். பி. வாசிமலை அதன் முன்னணியில் நின்றார்.

வயலகத்தின் முறையில் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. கண்மாயைச் சீர்திருத்தும் செலவு முழுவதையும் வெளியார் கொடுத்துவிடுவதில்லை. ஆயக்கட்டுதாரர்கள் தங்கள் பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்கவேண்டும். வேலையைச் சங்கமே முன்னின்று நடத்தவேண்டும். பின்னர் வரும் பராமரிப்புக்காக ஒரு மூலதன நிதியையும் சேர்த்து வைக்கவேண்டும். முதலில் கேட்பவருக்கு இது கடுமையாகத் தோன்றும். "ஏழையிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்பார்கள். ஆனால் தன் பணம் அரை ரூபாயேனும் கரையில் கிடந்தால்தான், கரை உடைந்த அன்று நள்ளிரவில் மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஓட மனம் வரும். கண்டிராக்டர் கட்டிய கரை உடைந்தால் மனு எழுதத்தான் தோன்றும். இம் முறை தமிழ்நாட்டோடு நிற்காமல் ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் பரவியிருக்கிறது. தமிழ்நாடு சர்க்காரும் 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள். பெயர் திரும்பி வந்தது நல்லதே. பெயரோடு ஊர்ச் சங்கமும் திரும்பி வந்த இடங்களில்தான் வேலை நிலைக்கும்.

உரலும் உமியும்

நீர் பாயாத நிலங்களின் கதை வேறு. மதுரைக்குத் தென்மேற்கே பேரையூர்த் தாலூகா பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பெரியாற்றுத் தண்ணீரின் பாக்கியம் அதற்கு இல்லை. அங்கே கரிசல் மண்ணில் புரட்டாசி மழையை நம்பி விதைத்து, ஏறத்தாழ மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும் பயிர் குதிரைவாலி. நெல் கேட்கும் தண்ணீரில் சிறு பங்கே அதற்குப் போதும். இப்படிப்பட்ட பயிரை நம் ஜனங்கள் ஏன் கைவிட்டார்கள்? ருசி மாறிவிட்டது, நாகரிகம் வந்துவிட்டது என்று பட்டணத்தில் காரணம் சொல்வார்கள். கிராமத்துப் பெண்களைக் கேட்டால் வேறு காரணம் தெரியவரும்.

கேழ்வரகை அப்படியே திரித்துக் கூழ் காய்ச்சலாம். கம்புக்கும் சோளத்துக்கும் கடினமான உமி கிடையாது. குதிரைவாலி, சாமை, வரகு, தினை ஆகியவை அப்படியல்ல. கடுகளவு தானியத்தைச் சுற்றிக் கெட்டியான உமி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண் உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைக்கவேண்டும். வயல் வேலை முடித்து வந்த பின்பு இந்த வேலை. நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வந்துவிட்டது, சிறுதானியத்துக்கு வரவில்லை. 2008ஆம் ஆண்டில் நியாயவிலைக் கடைகளில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011ஆம் ஆண்டிலிருந்து விலையில்லாமலும் அரிசி கிடைக்கத் தொடங்கிற்று. ஏழையின் பசியைத் தீர்த்த அந்த ஏற்பாட்டைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு பக்கம் விலையில்லாத அரிசியும், மறு பக்கம் ஒரு மணி நேர உலக்கைக் குத்தும் இருந்தால், எந்தத் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? பெண்ணின் தோள் வலியே குதிரைவாலியை அடுப்பிலிருந்து இறக்கிற்று. அடுப்பிலிருந்து இறங்கிய பயிர் வயலிலிருந்தும் மெல்ல மெல்ல இறங்கிற்று.

இந்த இடத்தில் ஒரு பெரியவரின் நினைவு வருகிறது. கோரிப்பாளையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், தமுக்கம் மாளிகையில், 1959ஆம் ஆண்டு முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இந்த மதுரையில்தான் மகாத்மா முழு உடையைத் துறந்து அரைத் துண்டை ஏற்றார். அவர் 1934ஆம் ஆண்டில் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாயிருந்தவர் தஞ்சையில் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா. பெரிய ஆலை அரிசியின் சத்தைத் தீட்டித் தள்ளிவிடுகிறது, கிராமத்தின் வேலையையும் பறித்துவிடுகிறது என்று அவர் ஓயாமல் எடுத்துச் சொன்னார். தம் இறுதி ஆண்டுகளை அவர் கழித்தது, மதுரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், பேரையூர்ப் பக்கத்து தே. கல்லுப்பட்டியில், 1940ஆம் ஆண்டில் ஏற்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, மகாத்மா மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார்.

குமரப்பாவின் கொள்கை சரியானதே என்பதை இன்று வைத்தியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் உரலும் உலக்கையும் யாருடைய கையில் இருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. கைக்குத்தலின் பெருமையைப் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், குத்தியவர்கள் பெண்கள். ஆகவே உரலுக்குத் திரும்பிப் போகாமலும், தூரதேசத்துப் பெரிய ஆலையிடம் அடிமைப்படாமலும் ஒரு வழி வேண்டும். ஊரிலேயே வைத்து ஊராரே ஓட்டக்கூடிய சிறிய உமி நீக்கும் யந்திரமே அந்த வழி.

சிறுதானியத்தில் உமி நீக்கும் பெரிய ஆலைகள் மகாராஷ்டிரத்து நாசிக் போன்ற இடங்களில் குவிந்திருந்தன. நம் ஊர்த் தானியம் அங்கே போய் அரிசியாகித் திரும்பிவந்தால், விளைவித்தவனே அதை வாங்கிச் சாப்பிட முடியாத விலையாகிவிடும். மற்றொரு கஷ்டமும் உண்டு. உமியோடு இருக்கும் தானியம் வருஷக்கணக்கில் கெடாது. உமி நீக்கினபின் தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் காறிப்போகும். தூரத்தில் அரைத்துப் பல மாதம் கடையில் வைத்து விற்கவேண்டுமானால், கெடாமலிருக்கத் தவிட்டையும் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். சத்து போய்விடுகிறது, பெயர் மட்டும் சிறுதானியம். ஊரிலேயே யந்திரம் இருந்தால், தானியத்தைக் குதிரில் உமியோடு வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளலாம்.

தானம் அறக்கட்டளை 2011 முதல் 2014 வரையில் இந்த விஷயத்தில் ஈடுபட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கனடா தேசத்து மெக்கில் பல்கலைக்கழகமும், கனேடியன் மென்னோனைட் பல்கலைக்கழகமும் அதில் கூட்டாளிகள். பேரையூரும் ஜவ்வாது மலையும் அஞ்செட்டியும் தமிழ்நாட்டில் வேலை நடந்த பகுதிகள். நல்ல விதையைத் தேர்ந்தெடுப்பது, சாகுபடி முறையைத் திருத்துவது, சிறிய யந்திரத்தைச் செப்பனிட்டுக் கிராமத்தில் நிறுத்துவது, சமையலில் மீண்டும் பழக்குவது ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சர்வகலாசாலைக்கு விதை தெரியும். பொறியியலாளருக்கு யந்திரம் தெரியும். குடியானவனுக்கு மண் தெரியும். அவன் மனைவிக்கு அடுப்பு தெரியும். இந்நால்வரையும் ஒரே திண்ணையில் உட்காரவைப்பதற்கு ஒருவர் வேண்டும். லாபத்தை நாடும் வியாபாரிக்கு அதில் ஆதாயமில்லை. இலாகா உத்தியோகஸ்தருக்கு ஒரு பயிர்க் காலம் முழுவதும் ஒரே கிராமத்தில் உட்கார அவகாசமில்லை. சங்கத்துக்கே அது சாத்தியம்.

சந்தைக்குப் போகும் வழி

விளைந்தது, அரைத்தாயிற்று. விற்பது எங்கே? மதுரை நகரத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. விவசாயி தரகரின்றித் தானே விற்கும் உழவர் சந்தை தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி, மதுரை அண்ணா நகரில். கோரிப்பாளையத்துக்கு அது கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகையில்லாத கடை, இலவசமாகத் தராசு, மொத்த விலைக்கு மேலும் கடைத்தெரு விலைக்குக் கீழுமாக அன்றன்று நிர்ணயிக்கப்படும் விலை ஆகிய இவை அதன் அம்சங்கள். வாங்குகிறவனுக்கும் லாபம், விற்கிறவனுக்கும் லாபம்.

ஆனால் பேரையூர்ப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவன், ஒரு மூட்டைக் குதிரைவாலியைத் தூக்கிக்கொண்டு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து ஒரு நாளைச் செலவிட முடியுமா? தனியாக முடியாது, பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்தால் முடியும். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேரும் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளித்தது. சட்டம் இடமளித்தாலும், கணக்கு எழுதவும், தரம் பிரிக்கவும், மூட்டை சேர்க்கவும், பாங்கியில் பேசவும் முதல் சில ஆண்டுகளில் துணை வேண்டும். நடக்கப் பழகும் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்துப் பின் விட்டுவிடவேண்டிய வேலை அது.

வாங்குகிறவர்களும் நகரத்தில் இல்லாமலில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கப்பட்டது இந்த மதுரையிலேதான். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பிள்ளைகளின் தட்டில் விழுகின்றன. சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை, இந்தியாவின் கோரிக்கையின் பேரில், சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. பேரையூரில் விளையும் குதிரைவாலி, பேரையூரிலேயே உமி நீக்கப்பட்டு, வாரத்தில் ஒரு நாளாவது மதுரைப் பிள்ளைகளின் தட்டில் பொங்கலாக விழுந்தால், அதைவிட நல்ல கொண்டாட்டம் வேறு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு வருஷம் முழுவதும் நிச்சயமான தேவை இருக்கிறது. விவசாயிக்கு நிச்சயமான விலை தேவை. இரண்டையும் முடிபோடும் சங்கம்தான் நடுவில் வேண்டியிருக்கிறது.

மூன்று எச்சரிக்கைகள்

சங்கங்களைப் புகழ்ந்து முடித்துவிடுவது சுலபம். அவற்றின் பலவீனங்களையும் சொல்வதே நேர்மை.

முதலாவது, பணம் நின்றால் வேலையும் நின்றுவிடும் வியாதி. வெளிநாட்டு நிதியாலோ கம்பெனிகளின் நன்கொடையாலோ மூன்று ஆண்டுக்கு ஒரு திட்டம் வருகிறது, யந்திரம் வருகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. நான்காம் ஆண்டில் பெல்ட் அறுந்தால் மாற்ற ஆளில்லை. யந்திரம் துருப்பிடிக்கிறது. யந்திரத்தை ஓட்டுவது யார், கூலி எவ்வளவு, பழுது நீக்க ஒதுக்கும் தொகை எவ்வளவு என்பதை முதல் நாளிலேயே ஊரார் தீர்மானித்துக்கொள்ளாவிட்டால் அதை வாங்காமலிருப்பதே மேல்.

இரண்டாவது, ஏழையின் உணவு பணக்காரனின் நாகரிகமாகிவிடும் அபாயம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற செய்தி பரவியதும் பட்டணத்துக் கடைகளில் குதிரைவாலி அரிசியின் விலை நெல்லரிசியைவிட வெகுவாக ஏறிவிட்டது. கோரிப்பாளையத்து மருத்துவமனையில் வைத்தியர் சிறுதானியம் சாப்பிடச் சொல்கிறார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வரும் கூலிக்காரர் விலையைக் கேட்டுத் திகைக்கிறார். ஏறிய விலையாவது விளைவித்தவனுக்குப் போகிறதா என்றால், பெரும்பகுதி நடுவிலேயே தங்கிவிடுகிறது. விளைவித்தவன் குடும்பமும் நகரத்து ஏழையும் சாப்பிட முடிந்ததா என்பதைக் கொண்டே இந்த வேலையின் வெற்றியை அளக்கவேண்டும். வெளியூருக்கு எத்தனை டன் போயிற்று என்பது இரண்டாவது கணக்கு.

மூன்றாவது, சங்கத்துக்குள்ளேயே கடைமடைக்காரனின் குரல் எழாமல் போவது. ஆயக்கட்டில் பெரிய நிலக்காரர் இருக்கிறார். அரை ஏக்கர்க்காரரும் இருக்கிறார். நிலமே இல்லாமல் அறுவடைக் கூலியையும் கண்மாய் மீனையும் நம்பியிருப்பவரும் இருக்கிறார். முதல் இருவரின் பேச்சு மட்டும் சபையில் ஏறினால், கண்மாய் திருந்தும், ஊர் திருந்தாது. சேரியில் இருப்பவரையும், நிலப் பட்டாவில் பெயரில்லாத பெண்களையும் பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே சேர்க்காத சங்கத்துக்கு ஊர்ச் சங்கம் என்ற பெயர் பொருந்தாது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. வயலில் காய்கறி அழுகிற்று. நகரத்தில் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். தூரத்திலிருந்து வரும் லாரியை மட்டும் நம்பிய ஊர், லாரி நின்ற அன்று பசிக்கு அஞ்சவேண்டியிருந்தது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் துவரம் பருப்பும் வெளி மாநிலங்களிலிருந்து வருவதில் தவறில்லை; வியாபாரம் என்பதே கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் பக்கத்துக் கிராமத்தில் விளையக்கூடியதையும் விளையவிடாமல் செய்துவிட்டு, கண்மாய் நிலத்தை மனையாக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது விவேகமாகாது. கோரிப்பாளையத்தின் அண்டைப் பகுதியாகிய தல்லாகுளத்தில் பெயரில் மட்டும் குளம் நிற்கிறது. மிஞ்சியிருக்கும் கண்மாய்களும் வெறும் பெயர்களாகிவிடுவதற்கு இடங்கொடுக்கலாமா?

கோரிப்பாளையம் செய்யக்கூடியது

இவ்வளவும் கிராமத்து விஷயம், நமக்கென்ன என்று நகரவாசிகள் எண்ணலாகாது. கோரிப்பாளையத்தில் திருவிழா மண்டகப்படிக்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தார் இருக்கிறார்கள். வியாபாரிகளும், கல்லூரி மாணவர்களும், மகளிர் குழுக்களும் இருக்கிறார்கள். புதிதாக ஒரு பெரிய ஸ்தாபனத்தைத் தொடங்கவேண்டிய அவசியம் இல்லை. இருக்கும் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு கிராமத்தோடு சம்பந்தம் செய்துகொண்டால் போதும்.

கணக்கைச் சிறிதாகவே போட்டுப் பார்ப்போம். ஒரு பந்தலில் 500 பேருக்குச் சோறு போட, தலைக்கு 100 கிராம் அரிசி என்றால், 50 கிலோ வேண்டும். இது ஒரு சிறு விவசாயியின் நிலத்தில் விளையும் தானியத்தில் ஒரு பகுதிதான். புரட்டாசியில் விதைக்கும்போதே, "தை மாதத்தில் இத்தனை மூட்டை எங்களுக்கு, விலை இவ்வளவு, முன்பணம் இந்தா" என்று ஒரு சங்கம் கிராமத்துச் சங்கத்தோடு பேசி முடித்துக்கொள்ளட்டும். ஆறு பந்தல்களும், நான்கு கஞ்சி அடுப்புகளும், இரண்டு விடுதிகளும் அப்படிப் பேசினால், ஒரு கிராமத்துச் சிறு யந்திரம் ஓடுவதற்கு வேண்டிய வேலை சேரத் தொடங்கும். யந்திரம் ஓடினால் அந்த ஊரில் அடுத்த புரட்டாசியில் விதைப்பவர் தொகை கூடும். விதைப்பவர் கூடினால் வரத்துக் கால்வாயைத் தூர்வாரக் கூப்பிடும்போது வரும் கைகளும் கூடும். ஒன்றைப் பற்றி ஒன்று இப்படித்தான் வளரும். குறையும்போதும் இப்படித்தான் குறைந்தது.

இதற்குத் தேவையான பணம் நம்மிடம் இருக்கிறது. வருஷந்தோறும் செலவழித்துக்கொண்டும் இருக்கிறோம். அதே தர்மத்தைச் செய்யும் வழியில் ஒரு படி முன்னதாகத் தொடங்கவேண்டும் என்பதுதான் நம் வேண்டுகோள். கடைத்தெருவில் மூட்டை வாங்கும் நாளில் தொடங்கும் ஈகையை, வயலில் விதை விழும் நாளிலேயே தொடங்குவோம்.

வரும் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது, கோரிப்பாளையத்துப் பந்தல் ஒன்றில் ஓர் அண்டாவிலாவது குதிரைவாலித் தயிர்ச் சாதம் இருக்கட்டும். இது எந்த ஊரில் விளைந்தது என்று யாராவது கேட்டால், கரண்டி பிடித்தவர் அந்த ஊரின் பெயரையும் அந்த ஊர்க் கண்மாயின் பெயரையும் தடுமாறாமல் சொல்லட்டும். அன்றைக்கே நமது உணவு ஏற்பாடு பலப்பட ஆரம்பித்துவிட்டது என்று கொள்ளலாம்.